ஆர்கானிக் உணவுக்கு ‘டிமாண்டு’ இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

“ஆர்கானிக்குக்கு இப்போ டிமாண்டு ஏறிக்கிட்டே போகுது” என்று ஒருவர் சொல்வார். “எங்கே, வசதியுள்ள நாலு பேர்தான் வாங்குகிறார்கள்” என்பார் இன்னொருவர். மூன்றாமவர், “விலையைக் குறைத்தால் எல்லோரும் வாங்குவார்கள், குறைக்க மாட்டேன் என்கிறார்கள்” என்று முடித்துவிடுவார். மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவது போலத் தெரியும். உண்மையில் முதலாமவர் ஆசையைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாமவர் வருமானத்தைப் பற்றி, மூன்றாமவர் விலையைப் பற்றி. இந்த மூன்றையும் பொருளியல் சேர்த்துத்தான் பார்க்கிறது. நான்காவதாக ஒன்றையும் சேர்க்கிறது. மற்ற மூன்றையும் தாங்கி நிற்பது அதுதான் என்பது என் எண்ணம். அது நம்பிக்கை.

பொருளியல் படிக்காதவர்களுக்காக எழுதியது இது. கணக்கு கொஞ்சம் வரும், பெருக்கல், வகுத்தல் அளவுக்குத்தான். ‘டிமாண்டு’ என்பதைப் பொருளியல் தமிழில் தேவை என்பார்கள், இனி அந்தச் சொல்தான் வரும்.

ஆசை வேறு, தேவை வேறு

கடல் தெரியும் மாடி வீடு வேண்டுமா என்று நூறு பேரிடம் கேளுங்கள். தொண்ணூறு பேராவது வேண்டும் என்பார்கள். இதை வைத்து அந்த வீட்டுக்குத் தொண்ணூறு பேரின் தேவை இருக்கிறது என்று யாராவது கட்டடம் கட்ட ஆரம்பித்தால், பாதியில் நிறுத்த வேண்டிவரும். “இந்த விலைக்கு வாங்குவீர்களா?” என்று கேட்ட பிறகு எத்தனை கை உயர்ந்தே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பொருளியலில் தேவை என்பது ஒரு தனி எண் கிடையாது. ஒவ்வொரு விலைக்கும் மக்கள் எவ்வளவு வாங்கத் தயாராக இருக்கிறார்கள், வாங்கவும் முடிகிறது என்ற முழுப் பட்டியலுக்குத்தான் தேவை என்று பெயர். விலை உயர்ந்திருக்கும்போது கொஞ்சம், இறங்கும்போது நிறைய. ஆகவே விலையைச் சொல்லாமல் “தேவை அதிகம்” என்று சொன்னால் அது பாதி வாக்கியம்தான்.

ஆர்கானிக் உணவில் இந்தப் பாதி வாக்கியம்தான் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. கருத்துக்கணிப்புகளில் “ஆர்கானிக் வாங்க விருப்பமா, அதற்குக் கூடுதலாகக் கொடுப்பீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலானோர் ஆம் என்கிறார்கள். கடை ரசீதுகளைப் பார்த்தால் படம் வேறாக இருக்கிறது. உலகிலேயே மொத்த உணவு விற்பனையில் ஆர்கானிக்கின் பங்கு மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று டென்மார்க். அங்கேகூட அந்தப் பங்கு சுமார் 12 சதவீதம்தான். உலக விவசாய நிலத்தில் ஆர்கானிக் நிலம் ஏறத்தாழ 2 சதவீதம்.

கணிப்பில் ஆம் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும்போது கையிலிருந்து எதுவும் போவதில்லை. நல்லவர், பொறுப்புள்ளவர் என்று தோன்றும் பதில்தான் இயல்பாக வாயில் வரும். கடையில் நிற்கும்போதோ, இதற்குக் கொடுத்தால் எதை விட வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது.

சுருக்கமாக: விருப்பம் ஒரு சொல், தேவை ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் விலையும் வாங்கும் சக்தியும் உள்ளே இருக்கின்றன.

கடைத் தட்டின் முன்னால் ஒரு நிமிடம்

ஒருவர் கூடையோடு நிற்கிறார். எதிரே இரண்டு தட்டு தக்காளி. நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றின் மேல் சிறிய பச்சை முத்திரை, விலை ஒன்றரை மடங்கு. முத்திரை உள்ள பொட்டலத்தை எடுக்கிறார். திருப்பிப் பார்க்கிறார், தேதியைப் பார்க்கிறார். அடுத்த தட்டின் விலைச் சீட்டைப் பார்க்கிறார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, தோலோடு சாப்பிடும். பொட்டலம் கூடைக்குள் போகிறது. நாலடி தள்ளி எண்ணெய்த் தட்டு. அங்கேயும் முத்திரை உள்ள புட்டி இருக்கிறது. எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்துவிடுகிறார். கூடைக்குள் சாதாரண எண்ணெய் போகிறது.

இவர் ஆர்கானிக் வாடிக்கையாளரா, இல்லையா? இரண்டும்தான். மக்களை ‘வாங்குகிறவர்கள்’, ‘வாங்காதவர்கள்’ என்று இரண்டு கூட்டமாகப் பிரிப்பது பேச்சுக்கு வசதியாக இருக்கும், ஆனால் நடப்பு அப்படி இல்லை. பெரும்பாலானவர்களின் கூடை கலவைதான். குழந்தைக்கான பால், தோலோடு தின்னும் பழம், கீரை மாதிரிச் சில பொருள்களுக்கு அதிகம் கொடுக்க மனம் வருகிறது. மற்றவற்றுக்கு வருவதில்லை. குழந்தை பிறந்த பிறகுதான் முதன்முதலாக ஆர்கானிக் பக்கம் திரும்பினோம் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு. பல நாடுகளில் இந்தச் சந்தைக்குள் ஆட்களைக் கூட்டிவந்த பொருள்கள் பாலும் குழந்தை உணவும்தான்.

அப்படியானால் அந்த ஒன்றரை மடங்கு விலையில் அவர் என்ன வாங்குகிறார்? கெல்வின் லங்காஸ்டர் என்ற பொருளியலாளர் 1966-ல் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும். நாம் பொருளை வாங்குவதில்லை, பொருளுக்குள் இருக்கும் பண்புகளை வாங்குகிறோம் என்றார் அவர். தக்காளி என்பது ருசி, சத்து, புத்தம்புதுத்தன்மை, பூச்சிமருந்து பற்றிய கவலையின்மை, மண்ணுக்குச் செய்த நன்மை, நல்ல முடிவு எடுத்தோம் என்ற நிம்மதி எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை. இரண்டு தட்டிலும் தக்காளி ஒன்றுதான், மூட்டை வேறு. சாதாரண விலைக்கு மேல் கொடுக்கும் பகுதியை விலைக் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அது தக்காளிக்கான விலை இல்லை, மூட்டைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்துக்கான விலை.

இழுபடும் தேவை, இழுபடாத தேவை

உப்பின் விலை இரண்டு மடங்கானால் நாம் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட மாட்டோம். முணுமுணுத்துக்கொண்டே அதே அளவு வாங்குவோம். சினிமா டிக்கெட் இரண்டு மடங்கானால் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவீடுதான் தேவை நெகிழ்ச்சி. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் இதைப் பொருளியலில் நிலைநிறுத்தினார். அளவு மாறிய சதவீதத்தை விலை மாறிய சதவீதத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். விடை 1-க்கு மேல் வந்தால் தேவை நன்றாக இழுபடுகிறது. 1-க்குக் கீழே வந்தால் அவ்வளவாக அசையவில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பொட்டலம் 10 என்ற விலையில் 100 பொட்டலம் விற்கிறது. வரவு 1000. விலையை 9 ஆக்குகிறார்கள். விற்பனை 115 ஆகிறது. விலை 10 சதவீதம் இறங்கியதற்கு அளவு 15 சதவீதம் ஏறியது, ஆகவே நெகிழ்ச்சி 1.5. வரவு 1035. விலையைக் குறைத்தும் வரவு கூடியது. இதே குறைப்பை உப்பில் செய்தால் விற்பனை 101 ஆகலாம். வரவு 909 ஆகிவிடும்.

ஆர்கானிக் உணவின் தேவை, அதே சாதாரண உணவின் தேவையைவிட அதிகம் இழுபடும் என்பதுதான் பெரும்பாலான ஆய்வுகளில் தெரிவது. காரணம் எளிது. உப்புக்கு மாற்று இல்லை. ஆர்கானிக் தக்காளிக்கு மாற்று அடுத்த தட்டிலேயே இருக்கிறது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் பயன்படுத்த முடிகிற பொருளைப் பதிலீட்டுப் பண்டம் என்பார்கள். பதிலீடு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு இழுபடும் தேவை. இதனால் வாங்குகிறவரின் கண் ஆர்கானிக்கின் விலையில் மட்டும் நிற்பதில்லை, இரண்டு விலைச் சீட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நிற்கிறது. ஆர்கானிக் விலை அப்படியே இருந்து சாதாரணத் தக்காளி மலிந்தாலும் ஆர்கானிக் விற்பனை அடிவாங்கும். சாதாரணத்தின் விலை ஏறினால், இவ்வளவு கொடுப்பதற்கு அதையே வாங்கலாமே என்று சிலர் தாவுவார்கள்.

டென்மார்க்கில் 1993-ல் ஒரு பெரிய கூட்டுறவு அங்காடித் தொடர் ஆர்கானிக் பொருள்களின் விலையை, குறிப்பாகப் பால் விலையை, குறைத்து விளம்பரமும் செய்தது. விற்பனை சட்டென்று எகிறியது. ஓரத்தில் கிடந்த சந்தை பொதுமக்கள் சந்தையாக மாறியதற்கு அதை ஒரு திருப்பமாகச் சொல்வார்கள். நம் மூன்றாமவர் சொன்னதில் பாதி சரி என்பதற்கு இதுவே சாட்சி. மீதிப் பாதியை, அதாவது ஏன் எல்லோராலும் அப்படிக் குறைத்துவிட முடிவதில்லை என்பதை, அப்புறம் பார்ப்போம்.

எல்லோருடைய நெகிழ்ச்சியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் தவறாமல் வாங்குகிறவருக்கு அது பழக்கம், விலை கொஞ்சம் ஏறினாலும் விடமாட்டார். எப்போதாவது வாங்குகிறவர் முதல் அதிர்ச்சியிலேயே பழைய தட்டுக்குத் திரும்பிவிடுவார். கூட்டத்தில் இரண்டாவது வகை அதிகமாக இருந்தால் சந்தை பெரிதாகத் தெரியும், ஆனால் அடித்தளம் ஆட்டம் காணும்.

வருமானம்: நினைப்பதைவிடச் சிக்கலானது

வருமானம் கூடக்கூட ஒரு குடும்பம் அதில் உணவுக்குச் செலவிடும் பங்கு குறையும் என்று எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857-லேயே கண்டு சொன்னார். மொத்தத் தொகை கூடலாம், பங்குதான் குறைகிறது. அடிப்படைப் பசி தீர்ந்த பிறகு அடுத்த கேள்வி எவ்வளவு என்பதிலிருந்து எப்படிப்பட்டது என்பதற்கு நகர்கிறது. ஆர்கானிக் தேவை பிறப்பது இந்த நகர்வில்தான். ஆகவே வசதியுள்ளவர்கள்தான் வாங்குகிறார்கள் என்பதில் உண்மை இருக்கிறது.

ஆனால் முழு உண்மை அதுவல்ல. ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்களின் கூடைகள் முற்றிலும் வேறாக இருக்கும். படிப்பு, வீட்டில் குழந்தைகள், உடல்நலம் பற்றிய கவலை, அருகில் கிடைக்கிறதா என்பது எல்லாம் வருமானத்தோடு போட்டி போடுகின்றன.

நெருக்கடிக் காலங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2009-ல் பிரிட்டனில் ஆர்கானிக் விற்பனை சுமார் 13 சதவீதம் விழுந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் விற்பனை ஏறக்குறைய அப்படியே நின்றது. ஒரே உலக நெருக்கடி, ஒரே கண்டத்து நாடுகள், இரண்டு விளைவு. பிறகு 2022-ல் விலைவாசி ஏறியபோது ஜெர்மனியிலும் ஆர்கானிக் விற்பனை சில சதவீதம் சரிந்தது. அங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிறையப் பேர் ஆர்கானிக்கையே விட்டுவிடவில்லை. ஆர்கானிக் மட்டும் விற்கும் தனிக்கடைகளை விட்டு, மலிவு விலை அங்காடிகளில் அந்த அங்காடியின் சொந்தப் பெயரில் விற்கும் ஆர்கானிக்குக்கு மாறினார்கள். பொருளின் மேல் இருந்த பிடிப்பு போகவில்லை, கடைதான் மாறியது. மொத்த விற்பனை எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

இதுவரை: விலை இடைவெளி, கிட்டத்திலுள்ள பதிலீடு, வருமானம், பழக்கம். இவை எந்தப் பொருளுக்கும் பொருந்தும். ஆர்கானிக்குக்கு மட்டும் உரிய முடிச்சு இனிமேல்தான் வருகிறது.

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத பண்பு

சட்டை வாங்கும்போது நிறத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். உணவகத்துச் சாப்பாடு எப்படி என்று சாப்பிட்ட பிறகு தெரியும். முதல் வகையைத் தேடல் பண்டம், இரண்டாவதை அனுபவப் பண்டம் என்று 1970-ல் பிலிப் நெல்சன் பிரித்தார். 1973-ல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள். வாங்கும் முன்னும் தெரியாது, பயன்படுத்திய பின்னும் தெரியாது. வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறோம், “இந்தப் பாகத்தை மாற்றியே ஆகவேண்டும்” என்கிறார்கள். மாற்றுகிறோம், வண்டி ஓடுகிறது. மாற்றாமலே ஓடியிருக்குமா? நமக்குக் கடைசிவரை தெரியாது. இதுதான் நம்பிக்கைப் பண்டம்.

ஆர்கானிக் உணவு இந்த வகையைச் சேர்ந்தது. சரியாகச் சொன்னால், ஆர்கானிக் என்ற சொல் பொருளின் தன்மையைக் குறிப்பதே இல்லை, அது விளைந்த முறையைக் குறிக்கிறது. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் போடாமல், மண்வளத்தைப் பயிர்ச்சுழற்சியாலும் தொழுவுரத்தாலும் காத்து விளைவித்தது என்று பொருள். அனுமதிக்கப்பட்ட சில பூச்சி, நோய் மருந்துகளை ஆர்கானிக் விவசாயிகளும் தெளிக்கலாம். கந்தகமும் தாமிரக் கலவைகளும் அவற்றில் உண்டு. “ஆர்கானிக் என்றால் எதுவுமே தெளிக்காதது” என்ற பரவலான எண்ணம் தவறு. ஆய்வகத்தில் சோதித்தால் எச்சம் இருக்கிறதா என்று சொல்வார்கள். மூன்று ஆண்டுகளாக அந்த வயலில் என்ன நடந்தது என்று எந்தச் சோதனைக் குழாயும் முழுதாகச் சொல்லாது.

2019-ல் அமெரிக்காவில் ஒரு தானிய வியாபாரிக்குப் பத்து ஆண்டுக்கும் மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. சாதாரண மக்காச்சோளத்தையும் சோயாவையும் ஆர்கானிக் என்று சொல்லிப் பல ஆண்டுகள் விற்றிருந்தார். மோசடியின் அளவு 14 கோடி டாலரைத் தாண்டியது. அந்தத் தானியத்தில் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகப் போனது. அந்தக் கால்நடைகளிடமிருந்து வந்த உணவை ஆர்கானிக் விலை கொடுத்து வாங்கிச் சாப்பிட்டவர்கள் யாரும் ருசியை வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கு இது சாதாரணக் குற்றச் செய்தியாகப் படவில்லை. கொடுத்த கூடுதல் காசுக்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது எதுவும் இல்லை, அது தெரியவும் வழி இல்லை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் நிலைக்குத் தகவல் சமச்சீரின்மை என்று பெயர். இது ஒரு சந்தையை எப்படி அரித்துவிடும் என்பதை ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து விளக்கினார். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்தத் துறை ஆய்வுதான் காரணம். அதைத் தக்காளிக்கு மாற்றிப் பார்ப்போம். உண்மையான ஆர்கானிக்கும் போலியும் ஒரே தட்டில் கலந்து கிடக்கின்றன. வாங்குபவருக்குச் சந்தேகம். “பாதி பொய்யாக இருக்கலாம்” என்று நினைப்பவர் முழுக் கூடுதல் விலை கொடுக்க மாட்டார், பாதிதான் கொடுப்பார். அந்தப் பாதி விலை போலி விற்பவருக்கு இன்னும் லாபம். உண்மையாக விளைவித்தவருக்கு நஷ்டம், அவர் விலகுகிறார். தட்டில் போலியின் பங்கு கூடுகிறது. வாங்குபவரின் சந்தேகமும் கூடுகிறது, கொடுக்கும் விலை இன்னும் இறங்குகிறது. கடைசியில் நல்ல பொருள் விளைவிக்கவும் ஆள் இருக்கிறது, அதற்கு நல்ல விலை கொடுக்கவும் ஆள் இருக்கிறது, நடுவில் சந்தைதான் இல்லை.

“ஆர்கானிக் எல்லாம் ஏமாற்று” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது எனக்கு வருத்தம் வருவது இதனால்தான். அந்தப் பேச்சு போலிக்காரரைத் தொடுவதே இல்லை, நேர்மையாக விளைவித்தவரைத்தான் முதலில் வெளியேற்றுகிறது.

முத்திரை செய்யும் வேலை

இந்த அரிப்பைத் தடுக்கத்தான் சான்றிதழும் முத்திரையும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் வயலுக்குப் போகிறார், கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார், வாங்கிய விதைக்கும் உரத்துக்கும் ரசீது கேட்கிறார், விளைந்த அளவும் விற்ற அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். எல்லாம் சரியாக இருந்தால் முத்திரை. வாங்குபவர் இப்போது முகம் தெரியாத விவசாயியை நம்பத் தேவையில்லை, முத்திரையை நம்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத பண்பைக் கடைத் தட்டிலேயே கண்ணுக்குத் தெரிகிறதாக மாற்றுவதுதான் முத்திரையின் வேலை.

டென்மார்க் 1987-லேயே ஆர்கானிக் விவசாயத்துக்குத் தனிச் சட்டம் போட்டது. அரசே கண்காணிக்கும் சிவப்பு முத்திரை அதைத் தொடர்ந்து வந்தது. அமெரிக்காவில் 1990-ல் சட்டம் வந்தாலும், விதிகள் முழுதாக நடைமுறைக்கு வந்து வேளாண் துறையின் முத்திரை பொட்டலத்தில் ஏறியது 2002-ல். ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலை முத்திரை 2010-ல் கட்டாயமானது. ஆர்கானிக் பங்கு உச்சத்தில் இருக்கும் டென்மார்க்தான் இதில் முந்திக்கொண்ட நாடுகளில் ஒன்று என்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

முத்திரைக்கும் செலவு உண்டு. ஆய்வாளர் கட்டணம், பதிவேடு எழுதும் நேரம் இரண்டும் சிறு விவசாயிக்குப் பாரம். இதற்கு மாற்றாக, அக்கம்பக்கத்து விவசாயிகளும் வாங்குபவர்களும் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறையும் பல நாடுகளில் இருக்கிறது. செலவு குறைவு. ஆனால் அந்த உறுதி, ஆட்கள் ஒருவரை ஒருவர் அறிந்த வட்டத்துக்குள்தான் நன்றாகச் செல்லுபடியாகும். இன்னொன்று, முத்திரைகள் அதிகமாகிவிட்டாலும் குழப்பம்தான். ‘இயற்கை’, ‘பசுமை’, ‘சுத்தம்’ என்று யாரும் எதையும் அச்சடிக்கலாம் என்றானால், ஆய்வுக்கு உட்பட்ட முத்திரை கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

சுருக்கமாக: ஆர்கானிக்கில் விற்பனைக்கு வருவது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை யாராவது சரிபார்த்தால்தான் கூடுதல் விலை நிற்கும்.

நன்மை இருக்கிறதா, நம்புகிறார்களா?

சத்து அதிகமா என்ற கேள்வி கட்டாயம் வரும். 2012-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பூச்சிக்கொல்லி எச்சம் ஆர்கானிக்கில் குறைவாக இருந்தது. 2014-ல் நியூகாசில் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய இன்னொரு தொகுப்பு, ஆர்கானிக் பயிர்களில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் (ஆன்டிஆக்ஸிடன்ட்) கூடுதல், கேட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றது. விவாதம் ஓயவில்லை.

தேவையைப் புரிந்துகொள்ள இதில் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. மக்களின் நம்பிக்கைதான் விலைப் பட்டியலை நகர்த்துகிறது. அந்த நம்பிக்கை முத்திரை சொல்லாததையும் சேர்த்துக்கொள்கிறது. 2010-ல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒரே பிஸ்கட்டை ஆர்கானிக் என்று சொல்லிக் காட்டியபோது மக்கள் அதில் கலோரி குறைவு என்று மதிப்பிட்டார்கள். சர்க்கரை எங்கே விளைந்தாலும் சர்க்கரைதான். முறையைப் பற்றிய முத்திரை, உடம்பைப் பற்றிய வாக்குறுதியாகப் படிக்கப்பட்டுவிடுகிறது. விற்பவர்கள் இந்தக் குழப்பத்தைத் திருத்த அவசரப்படுவதில்லை. அது குறுகிய காலத்துக்கு லாபம். மக்களுக்கு ஒருநாள் தெரியவரும்போது முத்திரையின் மொத்த மதிப்பும் அடிவாங்கும்.

விலை ஏன் இறங்க மறுக்கிறது

நம் மூன்றாமவருக்குத் திரும்புவோம். 2012-ல் வந்த இரண்டு பெரிய தொகுப்பாய்வுகளின்படி ஆர்கானிக் மகசூல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு குறைவு. பயிரையும் நிலத்தையும் பொறுத்து 5 சதவீதத்திலிருந்து 34 சதவீதம்வரை மாறுகிறது. களைக்கொல்லி இல்லாத இடத்தில் கை அல்லது கருவி வேண்டும். இரண்டுமே கூலி.

அதைவிடக் கனமானது மாறும் காலம். ஒரு விவசாயி இன்று முடிவெடுத்தால் நாளைக்கு முத்திரை கிடைக்காது. அமெரிக்க விதியில் தடைசெய்த பொருள் எதுவும் போடாமல் 36 மாதம் ஓட வேண்டும். ஐரோப்பிய விதியில் பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, பழமரம் போன்ற நீண்டகாலப் பயிருக்கு 3 ஆண்டு. இரண்டாம் ஆண்டில் நிற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மண் இன்னும் பழகவில்லை, களை முழங்கால் உயரம், ஆள் கூலி ஏறிவிட்டது, மகசூல் இறங்கிவிட்டது. அறுத்த பயிரைச் சந்தைக்குக் கொண்டுபோனால் கிடைப்பது சாதாரண விலை. செலவு ஆர்கானிக்குடையது, வரவு பழையது. இந்த இரண்டு மூன்று ஆண்டைத் தாண்டக் கையில் பணமோ கடனோ இல்லாதவர் ஆரம்பிப்பதே இல்லை.

இதனால் தேவை இன்று ஏறினாலும் அளிப்பு, அதாவது சந்தைக்கு வரும் அளவு, மூன்று ஆண்டு கழித்துத்தான் ஏறும். நடுவில் விலை எகிறும். எகிறிய விலையைப் பார்த்துப் பலர் ஒரே நேரத்தில் மாறினால், எல்லோருடைய விளைச்சலும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை சரியும். 2016-17 வாக்கில் அமெரிக்க ஆர்கானிக் பாலுக்கு இப்படித்தான் ஆனது. மாட்டுக்குத் தீவனம் ஆர்கானிக், பராமரிப்பு ஆர்கானிக், உபரிப் பால் போனது சாதாரணப் பாலோடு.

வயலுக்குப் பிறகும் செலவு இருக்கிறது. ஆர்கானிக்கைச் சாதாரணத்தோடு கலக்கக் கூடாது. தனி மூட்டை, தனிக் கிடங்கு, தனி ஓட்டம். குறைந்த சரக்கைத் தனியாக ஏற்றினால் ஒரு கிலோவுக்கு விழும் வண்டிச் செலவு கூடும். மெதுவாக விற்கும் பொருள் தட்டிலேயே வாடும், வாடியதன் விலையும் மிச்சத்தின் மேல் ஏறும். விற்பனை குறைவு என்பதால் விலை அதிகம், விலை அதிகம் என்பதால் விற்பனை குறைவு. 1993-ல் டென்மார்க்கில் ஒரு பெரிய அங்காடித் தொடர் இந்தச் சுழலை வெட்ட முடிந்ததற்குக் காரணம், அதனால் பெரிய அளவில் வாங்கி விற்க முடிந்தது. தனிக் கடைக்காரரிடம் அதைக் கேட்க முடியாது.

யாரும் விலை கொடுக்காத பங்கு

முன்பு சொன்ன மூட்டையை மறுபடி அவிழ்ப்போம். அதில் சில பண்புகள் வாங்கியவருக்கு: ருசி, எச்சம் பற்றிய நிம்மதி. சில ஊருக்கு: உரத்திலிருந்து கசிந்து நிலத்தடி நீரில் இறங்காத நைட்ரேட், வயலில் பிழைத்த தேனீக்கள், மருந்து தெளிக்கும் வேலை குறைந்த தொழிலாளியின் உடம்பு. ஒருவர் செய்யும் காரியத்தின் நன்மையோ கேடோ, அதற்குக் காசு கொடுக்காத மூன்றாவது ஆளுக்குப் போய்ச் சேர்வதைப் புறவிளைவு என்பார்கள். 1920-ல் ஆர்தர் பிகூ இதை விரிவாக எழுதினார்.

ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானோர் முதலில் சொல்வது உடல்நலம். அடுத்துத்தான் சுற்றுச்சூழல். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேனீக்கான செலவு முழுவதையும் என் கூடை ஒன்று மட்டும் சுமக்க முடியாது, அடுத்தவர் சுமந்தாலும் பலன் எனக்கும் வரும். இப்படி எல்லோரும் நினைக்கும்போது ஊருக்கான நன்மைக்குச் சந்தையில் கிடைக்கும் விலை, அதன் உண்மையான மதிப்பைவிடக் குறைந்துவிடுகிறது. சாதாரண உணவின் மலிவு விலையிலும் இதே ஓட்டை இருக்கிறது. கிணற்றில் இறங்கிய நைட்ரேட்டைச் சுத்தம் செய்யும் செலவு தக்காளியின் விலைச் சீட்டில் ஏறுவதில்லை, தண்ணீர்க் கட்டணத்திலோ வரியிலோ வருகிறது. கடைத் தட்டில் தெரியும் இடைவெளி உண்மையான இடைவெளியைவிடப் பெரிதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். அதேசமயம் மகசூல் குறைவென்றால் அதே உணவுக்குக் கூடுதல் நிலம் வேண்டும், அந்தச் செலவும் விலைச் சீட்டில் முழுதாக இல்லை. இரண்டு பக்கத்தையும் எண்ணினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

தனிமனிதக் கூடை சுமக்காததை ஊர் சேர்ந்து சுமக்கலாம் என்பதற்கு நான் அடிக்கடி நினைப்பது கோபன்ஹேகன் நகராட்சியின் சமையலறைகளை. மழலையர் காப்பகம், முதியோர் இல்லம் முதலிய பொதுச் சமையலறைகளில் 2015-க்குள் 90 சதவீத உணவு ஆர்கானிக்காக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஏறத்தாழ எட்டியும் விட்டார்கள். சாப்பாட்டுக்கான வழக்கமான நிதியைப் பெரிதாக உயர்த்தவில்லை. சமைப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் செலவிட்டார்கள். இறைச்சியைக் குறைத்து, அந்தந்தப் பருவத்துக் காய்கறியைக் கூட்டி, பாதி சமைத்து வரும் பொட்டலங்களை விட்டு முதலிலிருந்து தாங்களே சமைத்து, வீணாவதை எடைபோட்டுக் குறைத்தார்கள். ஒரு கிலோவின் விலை கூடியது, ஒரு தட்டுச் சாப்பாட்டின் செலவு அவ்வளவாகக் கூடவில்லை. அப்புறம், நகராட்சி வாங்குவது ஆண்டு ஒப்பந்தத்தில், அளவு முன்கூட்டியே தெரியும். முழங்கால் உயரக் களையோடு இரண்டாம் ஆண்டில் நிற்கும் அந்த விவசாயி, மூன்றாம் ஆண்டு விளைச்சலை யார் வாங்குவார்கள் என்று தெரிந்து விதைக்கலாம்.